சன்னலை மூடாதீர்கள்: அந்தமானுக்குப் பறக்கும் ஆய்வாளர்களுக்கு

“சன்னலோர இருக்கை குழந்தைகளுக்கும் சுற்றுலாப் பயணிகளுக்கும் உரியது, நடைவழி இருக்கையே அறிவாளர்க்கு உரியது.” கருத்தரங்கப் பருவம் தொடங்கும்போதெல்லாம் இக்கூற்று ஏதேனும் ஒரு வடிவில் நம் ஆய்வாளர் வட்டத்தில் உலா வருகிறது. நகைச்சுவையாகச் சொல்லப்படுவதுதான், எனினும் அடிக்கடி பறப்பவர், வேலை மிகுந்தவர், வெளியே பார்த்து வியக்கும் பருவத்தைக் கடந்தவர் என்ற ஒரு தன்னுருவம் அதற்குள் ஒளிந்திருக்கிறது. முதுகலை மாணவர் சன்னலைக் கேட்பாராம். முனைவர் பட்டம் பெற்றவர் நடைவழியைக் கேட்பாராம். பேராசிரியரோ நடைவழியில் அமர்ந்து, சன்னலருகே இருப்பவரிடம் மறைப்பை இறக்கிவிடச் சொல்லிவிட்டு, கட்டுரையைத் திருத்துவாராம்.

இந்தப் பெருமிதத்தை மறுத்தே இப்பதிவை எழுதுகிறேன். எல்லா வழித்தடங்களுக்கும் எல்லாப் பயணிகளுக்கும் விதி வகுப்பது என் நோக்கமன்று. சென்னையிலிருந்து தில்லிக்குச் செல்பவர் எங்கு அமர்ந்தாலும் எனக்கு வழக்கில்லை. நான் பேசுவது ஒரே ஒரு வழித்தடத்தையும் ஒரே ஒரு வகைப் பயணியையும் பற்றி. வழித்தடம், சென்னைக்கும் போர்ட் பிளேருக்கும் இடைப்பட்டது. பயணி, அத்தீவுகளைப் பற்றி எழுதவோ பேசவோ ஆராயவோ செல்கிற மொழியியலாளர், மானிடவியலாளர், வரலாற்றாளர், சூழலியலாளர், தமிழாய்வாளர். இவர்களுள் உடல்நலக் காரணம் ஏதுமின்றி, விரும்பியே நடைவழியைத் தேர்பவர் தம் ஆய்வுப்பொருளைக் காண மறுக்கிறார் என்பது என் வாதம்.

முதலில் எதிர்த்தரப்பின் வாதங்களை நேர்மையாக எடுத்துக்கொள்வோம்.

நேரம் மிச்சமாகும் என்பது முதல் வாதம். விமானம் நின்றவுடன் எழலாம், விரைவில் இறங்கலாம். உண்மைதான், சில நிமிடங்கள் முன்னதாக இறங்கலாம். அந்தச் சில நிமிடங்களையும் பெட்டிகள் வரும் சுழல்பட்டை திரும்ப வாங்கிக்கொள்ளும். இருக்கை எண் பார்த்துப் பெட்டிகள் வருவதில்லை. ஏறும்போதோ நிலைமை இன்னும் வேடிக்கையானது. நடைவழிக்காரர் முதலில் ஏறி அமர்ந்துவிட்டால், சன்னலுக்கும் நடு இருக்கைக்கும் உரியவர்கள் வரும்போதெல்லாம் அவர் எழுந்து நிற்க வேண்டும். இந்த நெரிசலைத் தவிர்க்கவே அமெரிக்காவின் யுனைடெட் விமான நிறுவனம் 2023 அக்டோபரில், பொதுவகுப்பில் சன்னல், நடு, நடைவழி என்ற வரிசையில் பயணிகளை ஏற்றும் முறையைக் கொண்டுவந்தது. நடைவழி இருக்கை இயல்பிலேயே விரைவானது என்பது நம் கற்பனை. எந்த ஒழுங்கில் ஏறுகிறோம் என்பதே விரைவைத் தீர்மானிக்கிறது.

உடல்நலம் இரண்டாவது வாதம். நீண்ட பயணங்களில் எழுந்து நடப்பது கால் நாளங்களில் குருதி உறைவதைத் தடுக்கும். சன்னலோரத்தில் அமர்பவர் குறைவாகவே எழுகிறார். இதற்கு ஆதாரம் உண்டு. அமெரிக்க உள்நாட்டு நெடும்பயணங்களில் பயணிகளின் நடமாட்டத்தைக் கண்காணித்து 2018இல் வெளியான ஆய்வொன்றில், நடைவழி இருக்கையினரில் 80 விழுக்காட்டினர் ஒருமுறையேனும் எழுந்தனர். சன்னலோரத்தினரில் 43 விழுக்காட்டினரே எழுந்தனர். ஆனால் அதே ஆய்வின் மையப் பொருள் தொற்று. குறைவாக எழுந்து குறைவான பேரை நெருங்கும் சன்னலோரப் பயணிக்குத் தொற்று வாய்ப்பும் குறைவு என்பதையும் அது காட்டியது. எப்படியாயினும் சென்னையிலிருந்து போர்ட் பிளேர் ஏறத்தாழ இரண்டு மணி நேரப் பயணம். நம் துறைக் கூட்டங்களில் இதைவிட நீண்ட நேரம் அசையாமல் அமர்ந்திருக்கிறோம்.

மூட்டுவலி உடையோர், கருவுற்றோர், அடிக்கடி எழ வேண்டியோர், நெடிய கால்களை மடக்க முடியாதோர், உயரம் கண்டு அஞ்சுவோர் ஆகியோருக்கு நடைவழி தேவை. அதில் விவாதமே இல்லை. தேவை வேறு, பெருமிதம் வேறு. பெருமிதத்தை மட்டுமே நான் எதிர்க்கிறேன்.

மூன்றாவது வாதமே முதன்மையானது: “வெளியே பார்ப்பதற்கு என்ன இருக்கிறது? கடல்தானே!” இதற்கு விடை சொல்லும் முன் ஒரு சொல்லாராய்ச்சிக்கு இடம் கொடுங்கள், மொழியியல் படித்தவரிடம் இந்த நோய் இருக்கத்தான் செய்யும்.

நடைவழியைக் குறிக்கும் ஆங்கிலச் சொல் ‘ஐல்’. தீவைக் குறிக்கும் ஆங்கிலச் சொல் ஒன்றும் ‘ஐல்’ என்றே ஒலிக்கும். எழுத்துக்கூட்டல் மட்டும் வேறு. முதற்சொல் இலத்தீனில் இறக்கையைக் குறிக்கும் ‘ஆலா’ என்பதிலிருந்து பழைய பிரெஞ்சு வழியாக வந்தது. தேவாலயக் கட்டடத்தின் பக்கச் சிறகைக் குறித்தது. தீவைக் குறிக்கும் சொல்லோ இலத்தீன் ‘இன்சுலா’வின் வழித்தோன்றல். ஒலி நெருக்கத்தால் இரண்டையும் குழப்பிக்கொண்டவர்கள், தீவுச் சொல்லில் இருந்த ஒலிக்காத ‘எஸ்’ எழுத்தை நடைவழிச் சொல்லுக்குள்ளும் செருகிவிட்டனர். ஆக, நடைவழி இருக்கையில் அமர்பவர் சொற்பிறப்பின்படி இறக்கையில் இருக்கிறார், எழுத்துக்கூட்டலின்படி தீவில் இருக்கிறார். அந்தமான் விமானத்தில் அவர் கண்ணுக்கு இறக்கையும் தெரிவதில்லை, தீவும் தெரிவதில்லை.

நம் பக்கத்துச் சொல்லையும் பார்த்துவிடுவோம். ‘சன்னல்’ போர்த்துக்கீசியரிடமிருந்து, கடல் வழியாக, நமக்கு வந்த சொல். அதற்கு முன் நம்மிடம் இருந்த பழஞ்சொற்களுள் ஒன்று ‘காலதர்’. கால் என்றால் காற்று, அதர் என்றால் வழி. விமானத்தின் சன்னல் வழியே காற்று வராது. அது காட்சிக்கு மட்டுமே திறந்த வழி. அந்த ஒரே பயனையும் வேண்டாமென்று மறைப்பை இறக்கிவிட்டால் அது வெறும் சுவர்.

இனி, வெளியே என்ன இருக்கிறது என்ற கேள்விக்கு வருவோம்.

முதலில் இருப்பது தொலைவு. சென்னைக்கும் போர்ட் பிளேருக்கும் இடையே நேர்க்கோட்டில் ஏறத்தாழ 1,370 கிலோமீட்டர். நிலம் என்று சொல்ல ஒன்றுமில்லை. “கடல்தானே” என்று தள்ளிவிடும் அந்த வெறுமையே அத்தீவு வாழ்க்கையின் முதல் உண்மை. கப்பலில் இதைக் கடக்க ஏறத்தாழ மூன்று நாள் ஆகும். அரிசி விலையும், மேற்சிகிச்சைக்கு அனுப்பப்படும் நோயாளியின் கவலையும், சென்னையில் நடக்கும் ஈமச்சடங்குக்கு வந்து சேர முடியாத மகனின் துயரமும் இந்தத் தொலைவிலிருந்து பிறப்பவை. இரண்டு மணி நேரமும் மடிக்கணினித் திரையைப் பார்த்தபடி சென்று இறங்குபவருக்குத் தீவு என்பது சென்னையின் மற்றொரு புறநகர் போலவே தோன்றும். அவர் எழுதும் கட்டுரையிலும் அது அப்படியே அமையும்.

அடுத்து இருப்பது ஞாயிறு. இந்தியா முழுவதற்கும் ஒரே கடிகாரம், அது 82.5 பாகை கிழக்கு நெட்டாங்கைக் கணக்கிட்டு ஓடுவது. சென்னை அதற்குச் சற்று மேற்கே இருக்கிறது; போர்ட் பிளேர் பத்துப் பாகை கிழக்கே இருக்கிறது. இரு நகரங்களுக்கும் இடையே ஏறத்தாழ 50 நிமிட ஞாயிற்று நேர வேறுபாடு. கைக்கடிகாரம் அதைச் சொல்லாது. பிற்பகல் விமானத்தின் சன்னலில் ஒளி சாயும் விதம் சொல்லும். ஒரே நாடு, ஒரே நேரம் என்பது நிருவாக ஏற்பாடு என்பதையும், தீவின் பகல் வேறொரு கணக்கில் ஓடுகிறது என்பதையும் தரையிறங்கும் முன்பே உணரலாம்.

பிறகு தீவுகள். அரசுக் கணக்கின்படி தீவுகள், குறுந்தீவுகள், பாறைத்திட்டுகள் எல்லாம் சேர்த்து 836. மக்கள் நிலையாக வாழ்பவை 31 மட்டுமே. இந்த இரு எண்களையும் நாம் கட்டுரையின் முதற்பத்தியில் எழுதுகிறோம். அவற்றின் பொருள் என்ன என்பதைச் சன்னல் காட்டும். காடு கடல்விளிம்பு வரை இறங்கி நிற்பதும், பவளத்திட்டு நீரை வெளிர்பச்சையாக்குவதும், மனிதக் குடியிருப்பு எவ்வளவு சிறிய கீறல் என்பதும் மேலிருந்துதான் ஒரே பார்வையில் புலப்படும்.

2004 டிசம்பர் 26ஆம் நாள் நிலநடுக்கம் இத்தீவுகளைச் சாய்த்துவிட்டது. ஒரு பக்கம் உயர்ந்தது, மறுபக்கம் தாழ்ந்தது. போர்ட் பிளேர் சுற்றுவட்டாரம் ஏறத்தாழ ஒரு மீட்டர் தாழ்ந்ததால், அருகிலுள்ள சிப்பிகாட் பகுதியின் விளைநிலங்களுக்குள் கடல்நீர் புகுந்து நிலைத்துவிட்டது. விவரம் அறியாதவருக்கு அது அழகிய உப்பங்கழி. விவரம் அறிந்தவருக்கு அது யாரோ ஒருவருடைய வயல். விமானம் வரும் பாதை ஒத்துழைத்தால், இறங்கும் தறுவாயில் இந்த நீர்ப்பரப்பைக் காணலாம். ஆழிப்பேரலை பற்றிய நினைவேந்தல் கருத்தரங்கில் கட்டுரை படிக்கச் செல்பவர், நினைவுச் சின்னமாகவே நீண்டு கிடக்கும் அந்த நிலத்துக்கு மேல் கண்மூடிப் பறந்து வந்து மேடையேறுவது எனக்கு விளங்கவில்லை.

இங்கே என் வாதத்தின் மையத்துக்கு வருகிறேன். நடைவழியில் அமர்பவருக்குத் தீவு கண்ணால் வருவதில்லை, காதால் வருகிறது. ஒலிபெருக்கி ஒரு பெயரைச் சொல்கிறது. அவர் வந்துவிட்டதாக எண்ணி எழுகிறார். தீவுகளைப் பெயர்களின் வழியாக மட்டுமே அறிவது நம் அறிவுலகின் பழைய பழக்கம்.

2018 டிசம்பரில் ராஸ், நீல், ஹேவ்லாக் தீவுகள் புதுப்பெயர் பெற்றன. 2023 சனவரியில் 21 தீவுகளுக்குப் பரம்வீர் சக்கரம் பெற்ற வீரர்களின் பெயர்கள் இடப்பட்டன. 2024 செப்டம்பரில் போர்ட் பிளேர், ஸ்ரீ விஜயபுரம் ஆயிற்று. அப்போது சோழரின் கடற்படைத் தளமாக இத்தீவுகள் இருந்தன என்ற செய்தியும் அரசுத் தரப்பிலிருந்து பெருமையுடன் சொல்லப்பட்டது. முதலாம் இராசேந்திரனின் படை 1025இல் தாக்கிய பேரரசின் பெயரே ஸ்ரீவிஜயம் என்பதை நினைவில் வைத்திருக்கும் வரலாற்று மாணவருக்கு இப்பெயர் சற்று விசித்திரமாகவே ஒலிக்கும். அதற்கு முன்பிருந்த பெயரோ பதினெட்டாம் நூற்றாண்டு ஆங்கிலேயக் கப்பற்படை அதிகாரி ஒருவருடையது. முன்னது போனால் என்ன, பின்னது வந்தால் என்ன. இரண்டும் தொலைவிலிருந்து இடப்பட்டவை.

தில்லியை மட்டும் குறை சொல்லித் தப்பித்துக்கொள்ள முடியாது. தமிழாய்வுலகம் ‘நக்கவாரம்’ என்ற பெயரை எத்தனை முறை மேடையில் முழங்கியிருக்கிறது! இராசேந்திரனின் மெய்க்கீர்த்தியில் வெற்றி கொண்ட இடங்களின் பட்டியலில் வரும் பெயர் அது. பட்டியலில் ஓர் இடத்தைப் பிடித்ததோடு நக்கவாரத்தின் மீதான நம் ஆர்வம் முடிந்துவிடுகிறது. அங்கே அன்று வாழ்ந்தவர் யார், அவர்கள் என்ன மொழி பேசினர், இன்று நிக்கோபாரியர் தம் தீவுகளை எப்படி அழைக்கின்றனர் என்று கேட்பவர் எத்தனை பேர்? இலங்கை மலையகத்திலிருந்து தாயகம் திரும்பிய தமிழ்க் குடும்பங்கள் சில கச்சால் தீவின் இரப்பர்த் தோட்டத்தில் குடியமர்த்தப்பட்ட வரலாற்றைக்கூட நம்மில் பலர் அறியோம். 2011 மக்கள்தொகைக் கணக்கின்படி அத்தீவுகளில் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டோர் ஏறத்தாழ 15 விழுக்காடு. அவர்களைப் பற்றிய ஆய்வைவிட, ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய ஒரு பெயரைப் பற்றிய பெருமிதமே நம்மிடம் மிகுதி. கல்வெட்டு வரியைப் பற்றிக்கொண்டு தீவைப் பார்க்காமல் இருப்பதும் ஒருவகை நடைவழி இருக்கைதான்.

மொழியியலாளருக்கு இங்கே தனிப் பொறுப்பு உண்டு. ‘ஜாரவா’ என்று நாம் எழுதும் பெயர் அம்மக்கள் தமக்கு இட்டுக்கொண்டதன்று; அயலார் என்ற பொருளில் அண்டை மக்கள் இட்டது. அவர்கள் தம்மை ‘அங்’ என்று சொல்லிக்கொள்கின்றனர். வட சென்டினல் தீவு மக்கள் தம்மை என்னவென்று அழைத்துக்கொள்கின்றனர் என்பது வெளியுலகுக்குத் தெரியவே தெரியாது. அவர்கள் மொழியின் ஒரு சொற்பட்டியல்கூட நம்மிடம் இல்லை. மேற்கிலிருந்து தென் அந்தமானை நெருங்கும் விமானத்திலிருந்து, மேகமற்ற நாளில், அத்தீவைக் காணும் வாய்ப்பு உண்டு: ஏறத்தாழ 60 சதுர கிலோமீட்டர் அடர்காடு, சுற்றிலும் வெண்மணல், அதைச் சுற்றிப் பவளத்திட்டு. நம் துறை சார்ந்த ஒருவர் வாழ்நாளில் ஒருமுறையேனும் அத்தீவை அந்தத் தொலைவிலிருந்து பார்க்க வேண்டும் என்பேன். தரவு இல்லாத மொழி ஒன்று கண்ணெதிரே இருக்கிறது. அதைத் தரவு இல்லாமலேயே விட்டுவிடுவதுதான் அறம். எந்த ஆய்வுமுறைப் பாடநூலையும்விட இந்த அடக்கத்தை அந்தக் காட்சி நன்றாகக் கற்பிக்கும்.

இவ்விடத்தில் கூர்மையான மறுப்பு ஒன்று எழும், எழ வேண்டும். “மேலிருந்து பார்ப்பது ஆதிக்கத்தின் பார்வை அல்லவா? தீவையும் மக்களையும் காட்சிப்பொருளாக்கும் சுற்றுலாப் பயணியின் பார்வைக்கும் இதற்கும் என்ன வேறுபாடு?”

வேறுபாட்டைக் காண மற்றொரு சன்னலுக்குச் செல்வோம். போர்ட் பிளேரிலிருந்து வடக்கே திக்லிப்பூர் வரை செல்லும் அந்தமான் பெருஞ்சாலை, ஜாரவா காப்புப் பகுதியை ஊடறுத்துச் செல்கிறது. காப்புப் பகுதி வழியே செல்லும் சாலையை மூடுமாறு உச்ச நீதிமன்றம் 2002இல் ஆணையிட்டது, சாலை மூடப்படவில்லை. ஜிர்காடாங்கிலிருந்து வண்டிகள் அணியணியாகப் புறப்படுகின்றன. நிற்கக் கூடாது, படம் எடுக்கக் கூடாது, உணவு கொடுக்கக் கூடாது என்பன விதிகள். விதிகள் எப்படிக் காப்பாற்றப்பட்டன என்பதை 2012 சனவரியில் வெளியான காணொளி உலகுக்குக் காட்டியது: உணவுக்காக ஜாரவா பெண்களை ஆடச் சொல்லும் குரல் அதில் கேட்டது. அந்தப் பேருந்துச் சன்னல் குற்றத்தின் சன்னல். ஏனெனில் அதன் வழியே கை நீட்ட முடியும், ரொட்டித் துண்டை எறிய முடியும், வண்டியை நிறுத்தச் சொல்ல முடியும்.

விமானச் சன்னலில் இவற்றுள் எதுவும் முடியாது. அது திறக்காது, வண்டி நம் விருப்பத்துக்கு நிற்காது, கீழே இருப்பவரின் முகம் தெரியாது. அங்கே பார்ப்பதைத் தவிர நமக்கு வேறு அதிகாரமே இல்லை. ஆதிக்கம் முழுவதும் தொலைவால் நீங்கிவிடுகிறது என்று நான் சொல்லவில்லை; வான்வழிப் படங்களைக் கொண்டு காடுகளை அளந்து கூறுபோட்ட வரலாறு நாம் அறிந்ததே. ஆனால் அந்த அளவையாளர் பார்த்தது வளத்தை. நான் பரிந்துரைப்பது அளவை. நம் ஆய்வுப்பொருள் நம் கட்டுரையைவிடப் பெரியது என்பதை உணர்த்தும் பார்வை அது. பேருந்துச் சன்னலில் முண்டியடித்துவிட்டு விமானச் சன்னலை மூடிக்கொள்ளும் ஆய்வாளரை எந்தக் கோட்பாட்டாலும் காப்பாற்ற முடியாது.

படம் எடுப்பதைப் பற்றியும் ஒரு சொல். போர்ட் பிளேர் விமான நிலையம் கடற்படையின் ஐ.என்.எஸ். உத்குரோஷ் தளத்தை ஒட்டியது, ஓடுதளம் கடற்படையினுடையது. பாதுகாப்புத் துறையின் வான்தளங்களில், குறிப்பாக மேற்கு எல்லையை ஒட்டியவற்றில், விமானம் பத்தாயிரம் அடிக்குக் கீழே இருக்கும்போது சன்னல் மறைப்புகளை இறக்கிவைக்குமாறு 2025 மே மாதத்தில் சிவில் விமானப் போக்குவரத்து இயக்ககம் அறிவுறுத்தியதை நினைவில் கொள்க. அப்படிப்பட்ட ஆணை நடைமுறையில் இருக்குமிடத்தில் பணிவதே முறை. படம் எடுக்காதே என்றால் எடுக்காமல் இருப்பதே முறை. கைப்பேசி பைக்குள் இருந்தால் கண் நன்றாகவே வேலை செய்யும். அரசு மூடச் சொல்லும் சன்னலைப் பற்றியல்ல, திறந்திருக்கும்போதே நாமாக மூடிக்கொள்ளும் சன்னலைப் பற்றியே என் பேச்சு.

இவ்வளவு சிறிய செயலில் எதற்கு இவ்வளவு பெரிய வாதம் என்று கேட்கலாம். பார்க்காமலே முடிவெடுக்கும் பழக்கம் தீவுகளுக்கு என்ன செய்யும் என்பதற்குப் பெரிய நிக்கோபார் திட்டம் சான்று. இத்தீவு போர்ட் பிளேருக்கு வெகு தெற்கே இருக்கிறது. சென்னை விமானத்தின் சன்னலில் அது தெரியாது. கப்பல் துறைமுகம், விமான நிலையம், நகரியம், மின்நிலையம் ஆகியவற்றுக்காக ஏறத்தாழ 130 சதுர கிலோமீட்டர் காட்டை வேறு பயன்பாட்டுக்கு மாற்ற இடமளிக்கும் திட்டத்துக்கு 2022 நவம்பரில் சுற்றுச்சூழல் அனுமதி வழங்கப்பட்டது. அழியும் காட்டுக்கு ஈடாக மரம் நட முன்மொழியப்பட்ட இடங்களுள் ஒன்று அரியானா. வெப்பமண்டல மழைக்காட்டுக்கு ஈடாக, கடலே இல்லாத மாநிலத்தின் வறண்ட நிலத்தில் மரக்கன்றுகள்! அந்தக் காட்டில் வாழும் சோம்பென் மக்களுக்கு அரியானாவில் என்ன கிடைக்கும்? கோப்பில் இரண்டும் ‘காடு’ என்ற ஒரே சொல். சொல்லை மட்டும் பார்த்தவருக்கு இந்த ஈட்டுக்கணக்கு சரியாக இருக்கும். காட்டைப் பார்த்தவருக்கு அது நகைப்புக்கிடமானது.

இதற்கு நேர்மாறான சிந்தனை அதே தீவுக்கூட்டத்தின் மொழி ஒன்றில் இலக்கணமாகவே இருந்தது. மாபெரும் அந்தமானிய மொழியை ஆராய்ந்த பேராசிரியர் அன்விதா அப்பி, அம்மொழியில் உடலின் பகுதிகளை அடிப்படையாகக் கொண்ட ஏழு வகை முன்னொட்டுகள் இலக்கணம் முழுவதும் ஊடுருவியிருப்பதை விளக்கியிருக்கிறார். பகுதியை முழுமையிலிருந்து பிரித்துத் தனிப்பொருளாகச் சொல்ல அந்த இலக்கணம் எளிதில் இடம் தராது. நம் கோப்புகளோ காட்டைத் தீவிலிருந்து கழற்றி, வேறு மாநிலத்தில் பொருத்த முடியும் என்று நம்புகின்றன. ‘போ’ மொழியின் கடைசிப் பேச்சாளரான மூத்த போவா 2010 சனவரி 26ஆம் நாள் காலமானார். அப்பி திரட்டிய பறவைப் பெயர்கள் தனிநூலாகவே வந்துள்ளன. அந்தப் பெயர்கள் ஒவ்வொன்றும் யாரோ ஒருவர் நெடுங்காலம் வெளியே பார்த்துக்கொண்டிருந்ததன் விளைவு. பார்ப்பதில் இவ்வளவு தேர்ந்திருந்த மக்களின் மொழியை ஆராயச் செல்பவர், பார்ப்பதைச் சிறுபிள்ளைத்தனம் என்று கருதினால் அவருக்கு அங்கே என்ன வேலை?

இறுதியாகக் கட்டணம். 180 இருக்கைகள் கொண்ட விமானத்தில் சன்னலோரம் 60 மட்டுமே. இன்று அவை பெரும்பாலும் விலைப்பொருள்கள். 2018 நவம்பரில் ஓர் உள்நாட்டு நிறுவனம், இணையவழிப் பதிவில் எல்லா இருக்கைகளுக்கும் கட்டணம் என்று அறிவித்தபோது எழுந்த எதிர்ப்பு நினைவிருக்கலாம். 2024 ஏப்ரலில், 12 வயது வரையிலான குழந்தைக்குப் பெற்றோர் அல்லது பாதுகாவலர் ஒருவரேனும் அருகில் அமரும்படி இருக்கை தர வேண்டும் என்று இயக்ககம் வலியுறுத்த நேர்ந்தது. தாயும் பிள்ளையும் சேர்ந்து அமர்வதற்கே அரசின் சொல் வேண்டியிருக்கும் சந்தையில், ஆய்வு மாணவர் சன்னலை எளிதாகப் பெற முடியாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். உதவித்தொகை மாதக்கணக்கில் தாமதமாகும் ஒருவரிடம், சில நூறு ரூபாய் கூடுதலாகக் கொடுத்து அறத்தைக் காப்பாற்று என்று சொல்ல எனக்கு உரிமையில்லை. ஆகவே என் கேள்வி அவரை நோக்கியதன்று. திட்ட நிதியில் பறப்பவரை, இருக்கையைத் தேரும் வசதி உள்ளவரை, சன்னலையே விலைகொடுத்து வாங்கி மறைப்பை இறக்கிவிட்டு உறங்குபவரை நோக்கியது.

தீவில் வாழ்பவருக்கும் இவ்வாதம் பொருந்தாது. மருத்துவமனைக்கும் கல்லூரிக்கும் உறவினர் வீட்டுக்கும் இவ்வழியே போய்வரும் போர்ட் பிளேர்த் தமிழருக்கு இந்த விமானம் நமக்கு நகரப் பேருந்து போன்றது. கீழே இருப்பது அவர் வீடு. அதைப் பார்க்கத் தவறினால் அவருக்கு ஒன்றும் குறைந்துவிடாது. அவர் நடைவழியில் நிம்மதியாகக் கண் அயரட்டும். உறங்கும் உரிமை அவருக்கு இருக்கிறது. அவர் வீட்டைப் பற்றிக் கட்டுரை எழுதப்போகும் நமக்கு இல்லை.

ஆய்வாள நண்பர்களுக்கும் மாணவர்களுக்கும் என் வேண்டுகோள் எளிது. கருத்தரங்கம் நடத்துவோர், அந்தமானுக்கு முதன்முறை செல்லும் மாணவர்களுக்குச் சன்னலோர இருக்கை கிடைக்குமாறு பயணச்சீட்டு எடுத்துத் தாருங்கள். நெறியாளர்கள் தம் சன்னலை மாணவர்க்கு விட்டுக்கொடுத்தால் அது பெருந்தன்மை. மறைப்பை இறக்கச் சொல்லாதிருந்தால் அது குறைந்தபட்ச நாகரிகம். சன்னல் கிடைத்தவர் கடைசி அரைமணி நேரமேனும் மடிக்கணினியை மூடுங்கள். நாளை படிக்கப்போகும் கட்டுரையை ஒரு மாதம் முன்பே முடித்திருக்க வேண்டும். இறங்குவதற்கு முன் அதில் நீங்கள் சேர்க்கப்போகும் எந்த மேற்கோளும் கீழே தெரிவதைவிடப் பெறுமதியானதன்று.

நடைவழியே அறிவாளர்க்கு உரியது என்று இதன் பிறகும் கருதுவோர் தம் வாதங்களைக் கீழே எழுதலாம். ஒரே ஒரு நிபந்தனை: அந்தமான் பற்றி நீங்கள் கடைசியாக எழுதிய கட்டுரையின் முதற்பத்தியை ஒருமுறை படித்துவிட்டு, அதில் உங்கள் கண் கண்டது எது, பிறர் நூலிலிருந்து எடுத்தது எது என்று பிரித்துப் பார்த்த பின் எழுதுங்கள்.